பெட்டிக்குள் ஒரு செப்புக் கம்பி

பெட்டி பஸ்ஸில் திரும்பி வந்தது. அரிசிச் சாக்கில் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார்கள். பண்டாரவளையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் அதைப் பதுளையில் என் கடை வாசல்வரை தூக்கிவந்து இறக்கினார்.

"என்னாங்க இது, உள்ள கல்லா வச்சிருக்கு?" என்று தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"கல்லா இருந்தா எரிஞ்சிருக்காதே" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் விளக்கிச் சொல்லும் பொறுமை அன்று இல்லை.

சாக்கைப் பிரித்ததுமே வாடை அடித்தது. ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு மூடியைக் கழற்றாமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் ஒரு வாடை, சர்க்யூட் பலகை கருகினால் வேறொரு வாடை. இது பலகை.

நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினேன். பெரிய டிரான்சிஸ்டர்கள் இரண்டும் போயிருந்தன. அவற்றின் கீழே பலகை கறுத்துப்போய் உரிந்திருந்தது. பக்கத்தில் நான் வைத்த வெள்ளை ரெசிஸ்டர் மட்டும் புதிதுபோல இருந்தது. அதன் இரண்டு கால்களையும் இணைத்து ஒரு தடித்த செப்புக் கம்பி ஓடியது. அது நான் வைத்த கம்பி அல்ல.

ஒவ்வொரு காலிலும் மூன்று சுற்று. கடைசியில் நுனியை உள்ளே மடித்து, குறட்டால் அமுக்கி, மேலே ஈயம் வைத்திருந்தது. அந்தச் சுற்றை இன்னொரு முறை பார்த்தேன். அப்படிக் கம்பி சுற்றுகிற ஒருவனைத்தான் எனக்குத் தெரியும்.

கத்தாருக்கா, பூனாகலைக்கா

ஜோசப்பைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டு வந்தேன்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். லயத்தின் ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறுமுனைக்குக் கொஞ்சம் கீழே மாதா சுரூபம். நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். ஆனால் நத்தார்ப் பண்டிகை என்றால், அதாவது கிறிஸ்மஸுக்கு, பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும், தைப்பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போகும். உறவுமுறை எதுவும் கிடையாது. இருந்தும் நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மச்சான்.

பதுளையில் கடையை நான்தான் திறந்தேன். கொஞ்ச நாளில் அவனும் வந்து சேர்ந்தான். பழுதை மோப்பம் பிடிப்பதில் அவனுக்கு என்னைவிடக் கைராசி அதிகம். நான் மீட்டரை எடுத்து வைத்து ஒவ்வொரு காலாக அளந்துகொண்டிருக்கும்போது அவன் பலகையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இந்த கெப்பாசிட்டர மாத்து மச்சான்" என்பான். பத்தில் எட்டுத் தடவை சரியாக இருக்கும். மற்ற இரண்டு தடவையும் என் தலையில் விடியும்.

பிறகு காலம் மாறியது. டிவியைத் திருத்தக் கொண்டுவருகிற ஆட்கள் குறைந்துபோனார்கள். நாட்டில் எதற்கெடுத்தாலும் வரிசையில் நிற்கிற நாட்களும் வந்தன. கடையில் இரண்டு பேருக்கு வேலை இல்லை என்பது இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லவில்லை. ஒருநாள் அவனே சொன்னான்: கொழும்பு ஏஜென்சி ஒன்றில் கத்தாருக்குப் பதிந்துவிட்டு வந்திருந்தான். ஏசி பராமரிப்பு வேலை. மெடிக்கலும் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் செல்வம் வந்தார். பண்டாரவளைக்கு அப்பால் பூனாகலைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றுக்கு அவர் பொறுப்பாளர். நல்ல மனிதர், நிர்வாகம் படித்தவர், எலெக்ட்ரானிக்ஸ் அவர் பாடமில்லை. எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் மேசைக்கு ஒன்றாகப் பவர் சப்ளை வேண்டும். வோல்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற பெட்டி.

"மொதல்ல ஒன்னு செஞ்சு குடுங்க. பிள்ளைகள் பாவிச்சுப் பார்க்கட்டும். நல்லா இருந்தா எல்லா மேசைக்கும் நீங்கதான். கண்டி நிலையத்துக்கும் மற்ற நிலையங்களுக்கும் நானே சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் ஜோசப் வீட்டில் தேநீர் குடித்தோம். அவன் மனைவி ராணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இது மட்டும் கெடச்சா நான் கத்தாருக்குப் போகல மச்சான்" என்று அவன் சொன்னபோது அவள் சட்டென்று உள்ளே திரும்பி மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆகவே நாங்கள் செய்யப்போனது வெறும் பெட்டி அல்ல என்பது முதல் நாளே எனக்குத் தெரியும்.

எரியாத பெட்டி

வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. புத்தகத்தைப் பார்த்து யாரும் செய்துவிடலாம். பழகுகிற பிள்ளைகள் கையில் கொடுக்கும் பெட்டிக்கு வேறொரு குணம் வேண்டும். அவர்கள் கம்பியை மாற்றிக் கொடுப்பார்கள், இரண்டு முனையையும் ஒன்றாக முட்டவிடுவார்கள். அப்போது ஓடுகிற கரண்ட்டை ஓர் எல்லையோடு நிறுத்திப் பிடிக்கவேண்டும். பெட்டியும் எரியக்கூடாது, பிள்ளை செய்த வேலையும் எரியக்கூடாது.

அதற்கு வழி சுலபம்தான். கரண்ட் போகும் பாதையில் மிகச் சிறிய தடையுள்ள ரெசிஸ்டர் ஒன்றை வைக்கவேண்டும். கரண்ட் கூடக் கூட அதன் இரு முனைகளுக்கு நடுவே சிறு வோல்ட் ஏறும். அந்த வோல்ட்டைப் பார்த்துத்தான் எவ்வளவு ஓடுகிறது என்று பெட்டி தெரிந்துகொள்ளும். எல்லையைத் தொட்டதும் பெரிய டிரான்சிஸ்டர்களை இறுக்கிப் பிடிக்கும்.

முதலில் காவலுக்கு ஒரு சின்ன டிரான்சிஸ்டரை மட்டும் வைத்தோம். சோம்பேறிகளின் வழி. காலையில் பனியில் மூன்று அம்பியர் வரை விட்ட பெட்டி, மதியம் உள்ளே சூடேறியதும் அதற்கு முன்னாலேயே மறித்தது. சூட்டுக்குத் தக்கபடி அந்த டிரான்சிஸ்டரின் புத்தி மாறும். குளிரான அப்புத்தளைக்கு ஒரு கணக்கு, பதுளைக்கு ஒரு கணக்கு என்று பெட்டி செய்து கொடுக்க முடியுமா? அதைக் கழற்றி வீசிவிட்டு ஒரு ஐசி வைத்தேன். எல்லையை நாமே வைத்துக்கொள்ளக் குமிழ் ஒன்றும் முகப்பில் வந்தது.

அடுத்தது சூடு. வெளியே ஷார்ட் ஆனால் வோல்ட் முழுவதும் பெரிய டிரான்சிஸ்டர்களின் தலையில்தான் விழும். நாற்பது வோல்ட், மூன்று அம்பியர், பெருக்கிப் பாருங்கள். நூற்றிருபது வாட் சூட்டை உள்ளங்கை அகல இரும்புத் துண்டு தாங்காது. அலுமினியத் தகடு தேடிக் கடை கடையாக அலைந்தோம். இறக்குமதி நின்றுபோன காலம். கடைசியில் கோயில் ஒலிபெருக்கிக்காரர் கைவிட்ட பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை உடைத்து எடுத்தோம். அதுவும் போதவில்லை.

"ஷார்ட் ஆச்சுன்னா கரண்ட்டயும் சேத்து எறக்கிருவோமே" என்றான் ஜோசப். அப்படியும் ஒரு முறை உண்டு. வோல்ட் விழ விழ எல்லையையும் குறைத்துக்கொண்டே போவது. சூடு பாதிக்கும் கீழே போய்விடும். செய்து பார்த்தோம். மோட்டார் சைக்கிள் பல்பு ஒன்றை மாட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டால், பல்பு சிவந்த நூல்போல மினுங்கி அப்படியே நின்றுவிட்டது. பல்பு குளிர்ந்திருக்கும்போது கரண்ட்டை அதிகமாகக் கேட்கும். எங்கள் பெட்டி அதை ஷார்ட் என்று நினைத்துக் கழுத்தைப் பிடித்துவிட்டது.

"பல்பையே எரிய விடாத பெட்டிய எவன் வாங்குவான்?" என்று நான் கத்தினேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

தீர்வு அவனுடையது. அதை நான் மறைக்கமாட்டேன். டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு கிளை எடுத்து நடுவில் ஒரு ரிலே வைத்தான். குறைந்த வோல்ட் கேட்டால் 'டிக்' என்று சின்னக் கிளைக்கு மாறும், கூடக் கேட்டால் பெரிய கிளைக்கு. ஷார்ட் ஆனால் தானாகவே சின்னக் கிளைக்கு இறங்கிவிடும். சூடு பாதியானது. ஆம்ப்ளிஃபயர் தகடு தாங்கியது.

சிவப்பு விளக்கு என் யோசனை. கரண்ட் எல்லையைத் தொட்டால் முகப்பில் எரியும். 'பெட்டி உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, கம்பியைச் சரிபார்' என்று பிள்ளைக்குச் சொல்வதற்காக வைத்தேன். பெட்டியைப் பூனாகலைக்குக் கொடுத்தனுப்பினோம். வினை அந்த விளக்கிலிருந்துதான் வந்தது.

செபஸ்தியான் மாமாவின் கை

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் லயத்துக்கு மொத்தமாக ஒரே மின் இணைப்பு. அதுவும் நாங்கள் வளர்ந்த பிறகு வந்தது. சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் வீடு திரும்பியதும் எல்லாக் காம்பரா அறைகளிலும் லைட், டிவி, அதோடு யாராவது ஒருவர் சுடுதண்ணீர் கம்பியைப் போடுவார். உடனே ஃபியூஸ் போய்விடும். லயமே இருட்டாகும். "எவன்டா அது?" என்று முனைக்கு முனை வசவு பறக்கும்.

அப்போது ஜோசப்பின் அப்பா செபஸ்தியான் மாமா டார்ச்சோடு வருவார். கங்காணியாகவோ தலைவராகவோ இருந்தவர் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் லயத்துக்கே அவர்தான் தொரை. மெல்லிய ஃபியூஸ் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றுவார். இந்தப் பக்கம் மூன்று சுற்று, அந்தப் பக்கம் மூன்று சுற்று, நுனியை உள்ளே மடித்து ஒரு அமுக்கு. வெளிச்சம் வரும். பிள்ளைகள் 'ஓ' என்று கத்துவோம்.

கடைசிக் காம்பராவின் கூரை ஒருமுறை தீப்பிடித்தது. சுவருக்குள் கம்பி உருகியிருந்தது. பகலானதால் ஆட்கள் தப்பினார்கள். இணைப்பைப் பெரிதாக்கித் தரும்படி தோட்ட ஆபீஸில் கேட்டார்கள். 'பார்க்கலாம்' என்றார்கள். அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த வாரமே ஃபியூஸ் மறுபடி போனது, மாமா மறுபடி கம்பியோடு வந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. என் அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆபீஸ்காரர்கள் மீது எனக்குள்ள ஆத்திரம் பெரிது. ஆனால் எங்கள் ஆட்கள் மீதும் ஆத்திரம் வரத்தான் செய்கிறது. காலையில் வேலை பிரிக்கும் பேரேட்டில் மறிப்பான், கடையில் மறிப்பான், ஆஸ்பத்திரியில் மறிப்பான் என்று மறிக்கப்பட்டே வளர்ந்தவர்களுக்கு மறிக்கிற எதுவும் எதிரியாகவே தெரிகிறது. காப்பாற்றுவதற்காக மறிக்கிற பொருள் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை.

"நான்தான் மச்சான்"

எரிந்த பெட்டியை மூடாமல் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஜோசப் இரண்டு சாப்பாட்டுப் பார்சலோடு வந்தான். பெட்டியைப் பார்த்தான். பார்சலைக் கீழே வைக்காமலே நின்றான்.

"செல்வம் காலையில போன் பண்ணினாரு" என்றேன். "எந்தப் பிள்ளையோ ரெண்டு கிளிப்பையும் முட்ட விட்டிருக்கு. டிரான்சிஸ்டர் போய் நாப்பது வோல்ட்டும் அப்படியே வெளிய போயிருக்கு. அந்த மேசையில மாட்டியிருந்த பலகை எல்லாம் வெடிச்சிருக்கு. பிள்ளைக வெளிய ஓடியிருக்குங்க. யாருக்கும் ஒன்னும் ஆகல, அது சாமி புண்ணியம்."

அவன் பார்சலை மேசையோரத்தில் வைத்தான்.

"ரெசிஸ்டருக்கு மேல கம்பி யாரு போட்டா?"

"நான்தான் மச்சான்."

இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"ஏன்டா?"

"சிவப்பு லைட்டு எரியுது, வோல்ட் எறங்குதுன்னு எனக்கு ஓயாம போன். மோட்டர் சுத்தல, பழுதுப் பெட்டின்னு அங்க பிள்ளைக பேரு வச்சிருச்சுங்க. கொழும்புல இருந்தே வாங்கிருவோம்னு யாரோ சொன்னாங்களாம்."

"குமிழ யாரோ கொறைச்சு வச்சிருப்பாங்க. கொஞ்சம் திருப்பச் சொன்னா முடிஞ்சிருக்குமே!"

"சொன்னேன். நேர்ல போய்த் திருப்பியும் காட்டினேன். மறுபடி போன் வந்திச்சு. எனக்குப் பயம் வந்திருச்சு மச்சான். திரும்பவும் போய் இந்தக் கம்பியப் போட்டுட்டேன். ஆடர் வர்ற வரைக்கும் லைட்டு எரியாம இருந்தாப் போதும், பெறகு எடுத்துருவோம்னு நெனச்சேன்."

அந்த ரெசிஸ்டருக்கு எந்த அளவு வேண்டும் என்று என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவன் அவன். அதன் மேல் கம்பியைப் போட்டால் கரண்ட் எல்லாம் கம்பி வழியே போய்விடும், எவ்வளவு ஓடினாலும் ஒன்றும் ஓடவில்லை என்றே பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லாம் தெரிந்தவன் பயந்ததும் அப்பாவின் கம்பியை எடுத்திருக்கிறான். ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதற்காக அதைச் செய்தான் என்பதை நினைத்தபோது எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை.

போனை எடுத்தேன். செல்வத்திடம் உள்ளதைச் சொல்லிவிட்டால் இன்னொரு பெட்டி செய்து கொடுக்கலாம், கெஞ்சியாவது பார்க்கலாம் என்று தோன்றியது. ஜோசப் என் கையைப் பிடித்தான்.

"வேணாம் மச்சான். அங்க ராணியோட சித்தி மகன் வேலை செய்யுறான். நாளைக்கே அவ காதுக்குப் போயிரும். நானே கெடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. போனை வைத்துவிட்டேன். செல்வத்துக்கு மறுநாள் பேசியபோது, எங்கோ பிசகிவிட்டது, மன்னியுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். மேசைகளுக்குக் கொழும்பிலிருந்து பெட்டிகள் வந்தன.

பதுளை ஸ்டேஷன்

ஜோசப் புறப்பட்ட அன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. பதுளையோடு ரயில் பாதை முடிந்துவிடுவதால் வண்டி முன்கூட்டியே வந்து நிற்கும். வழியனுப்ப வருகிறவர்களுக்கு அது ஒரு தண்டனை. பேச எதுவும் இருக்காது, வண்டியும் கிளம்பாது.

ராணி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது. நான் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கியபோது அவள் என் எதிரே வந்தாள்.

"அண்ணே, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒழுங்கா ஒரு பெட்டி செஞ்சு குடுத்திருந்தீங்கன்னா இவரு இன்னைக்கு இந்த ரயில்ல ஏற வேண்டி வந்திருக்காது. ஒங்களத்தானே இவரு நம்பியிருந்தாரு."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜோசப்பைப் பார்த்தேன். அவன் ரயில் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

கம்பியைப் பற்றி அவன் வாயே திறக்கவேண்டாம். 'அவன் மேல தப்பில்ல ராணி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு அது வாழ்நாள் முழுக்கத் தாங்கும். அவன் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்தான். மறுபடி பைக்குள் வைத்தான்.

"சரி சரி, மழையில நிக்காம வீட்டுக்குப் போங்க" என்றான்.

வண்டி நகரும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையசைத்தான். நான் அசைக்கவில்லை.

எரிந்த பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. கம்பியை வெட்டி எடுத்தேன், பலகையை மாற்றினேன், புது டிரான்சிஸ்டர்கள் போட்டேன். இரு முனையையும் ஒன்றாக முட்டவைத்தேன். 'டிக்' என்றது, சிவப்பு விளக்கு எரிந்தது, வோல்ட் இறங்கி நின்றது. தேநீர் ஒன்று குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே நின்றது. பார்ப்பதற்குக் கடையில் வேறு யாரும் இல்லை.

பண்டாரவளைப் பக்கமிருந்து இப்போது எனக்கு வேலை வருவதில்லை. 'அவர் பெட்டி எரியும்' என்ற பேச்சு அங்கே நிலைத்துவிட்டது. ராணி என்னைச் சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஜோசப் கத்தாரிலிருந்து குரல் பதிவு அனுப்புகிறான். பதுளையில் மழையா, கடை எப்படி, மகளைப் பார்த்தாயா என்று விசாரிக்கிறான். நானும் பதில் அனுப்புகிறேன். அந்தக் கம்பிக்காக அவனை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். ஸ்டேஷனில் நின்ற நிலைக்காக இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை.

இந்த அத்தியாயத்தை அனுப்பியதும் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். உயிரோடு இருக்கிற மனிதர்கள், வாசிக்கவும் கூடும், பெயர்களை மாற்றித் தந்தால் நல்லது என்றார். நியாயமான பேச்சு. செல்வம் என்பது அவருடைய பெயர் இல்லை. ராணியும் ராணி இல்லை. செபஸ்தியான் மாமாவுக்கும் வேறு பெயர்தான்.

ஜோசப்பின் பெயரை மட்டும் நான் மாற்றவில்லை.